இத்தாவில் இழைத்த பாய்

நல்ல பாயைப் படுத்துப் பார்த்து வாங்கக் கூடாது. சுருட்டிப் பார்த்து வாங்க வேண்டும். படுத்தால் எந்தப் பாயும் கொஞ்ச நேரம் சுகமாகத்தான் இருக்கும். சுருட்டினால்தான் இழைத்தவளின் கை தெரியும். அவசரக்காரியின் பாய் நடுவில் ஒடியும், சோம்பேறியின் பாய் ஓரத்தில் பிதுங்கும். இருபத்திரண்டு வருஷமாக நான் பாய் சுருட்டிக்கொண்டிருக்கிறேன். மரைக்காயர்மாரே, ஸாலிஹாவின் பாயை உங்களில் ஒருவராவது சுருட்டிப் பார்த்திருந்தால் இந்த விசாரணை இவ்வளவு சூடாகப் போயிருக்காது.

பள்ளிவாசலை நடத்துகிற ஏழு குடி மரைக்காயர்மாரும் கூடி, "உசனார், நடந்ததை நடந்தபடி எழுதித் தா" என்று கொப்பியும் பென்சிலும் தந்திருக்கிறீர்கள். வாயால் சொல்ல விட்டால் நான் ஆட்களை மயக்கிப்போடுவேன் என்று உங்களில் ஒருவர் சொன்னாராம். அவர் யாரென்று எனக்குத் தெரியும். அவருடைய மகளின் கலியாணத்துக்குப் பாய் கொடுத்தவன் நான்தான். கோபமில்லை. எழுதுவது எனக்கும் வசதி. முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னால் இடையில் யாராவது அழுவார்கள், நான் சொல்ல வந்தது தவறிப்போகும்.

நான் எதையும் மறைக்கப் போவதில்லை. ஸாலிஹாவின் வாழ்க்கையோடு நான் விளையாடினேன் என்கிறீர்கள். விளையாட்டு என்பது எனக்குப் பழக்கமில்லாத விஷயம், நான் வியாபாரி. ஏன் செய்தேன் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

டோர்பின் துரைசானியை நீங்கள் எல்லாரும் கண்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பில் பெரிய உத்தியோகம் பார்க்கிற துரையின் பெண்சாதி. ஆறு வருஷத்துக்கு முன் அவருடைய கார் நம் ஊர்ப் பாதையில் சேற்றில் புதைந்தது. தள்ளுவதற்கு ஆள் சேரும்வரை அவர் வாவிக்கரையில் நடந்து, நம் பெண்கள் பன்புல் அறுத்துக் கட்டுவதையும், காயப்போடுவதையும், சாயம் காய்ச்சுவதையும், பாய் இழைப்பதையும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். கார் வெளியே வந்தபோது அதில் பதினொரு பாய் ஏறியிருந்தது. அவர் பேரம் பேசவில்லை. பேரம் பேசாத ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பயந்துபோனேன்.

பிறகு கொழும்பில் அவரும் தோழிமாரும் ஒரு சங்கம் வைத்தார்கள். மெஷினில் செய்த சாமான் வேண்டாம், ஏழைப் பெண்கள் கையால் செய்ததைத்தான் வாங்குவோம் என்பது அவர்களுடைய கொள்கை. நல்ல கொள்கை, இன்றைக்கும் நான் அதை மதிக்கிறேன். அந்தக் கொள்கையால் நம் வாவிக்கரையில் நாற்பது வீட்டில் அடுப்பெரிந்தது. வயல் வட்டையில் வேலை இல்லாத மாதங்களில் சோறு எங்கிருந்து வந்தது என்று உங்கள் வீட்டுப் பெண்களையே கேளுங்கள். உசனார் காக்கா கொண்டுவந்தது என்று என்னை அண்ணனாக்கிச் சொல்வார்கள். இப்போது என் பேரைச் சொல்ல வாய் கூசுமோ என்னவோ.

துரைசானிக்கு ஒரு பழக்கம். பாயோடு சேர்த்து அதை இழைத்தவளின் கதையும் வேண்டும். பேர் என்ன, பிள்ளை எத்தனை, கஷ்டம் என்ன என்று ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதிப் பாயில் கட்டி அனுப்ப வேண்டும்; கொழும்பில் ஒரு கிளாக்கர் அதை இங்கிலீசில் மாற்றுவார். முதல் தடவை நான் உள்ளதை உள்ளபடி எழுதினேன். "ஹஸீனா. மாப்பிள்ளை மீன் பிடிக்கிறவர். மூன்று பிள்ளை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, அல்ஹம்துலில்லாஹ்." அந்தப் பாய் திரும்பி வந்தது. "ஸகியா. கைம்பெண்" என்று எழுதிய பாய்க்குச் சங்கத்து நோனாமார் இரண்டு பேர் சண்டை பிடித்தார்களாம். இத்தனைக்கும் ஸகியாவின் பாய் நீளத்தில் ஒரு சாண் கட்டை.

அடுத்த வருஷம் சங்கத்தில் தீர்மானமே போட்டார்கள்: இனிமேல் கைம்பெண்களிடம் மாத்திரம் வாங்குவது. நம் ஊரில் பாய் இழைக்கிற கைம்பெண்கள் மூன்று பேர். மற்ற வீடுகள் என்ன செய்யும்? நாற்பது வீட்டுப் பாயையும் அந்த மூன்று பேருமே இழைத்ததாக எழுதினேன். ஸகியா மாத்திரம் ஒரு மாதத்தில் முப்பத்தொரு பாய் இழைத்தாள். துரைசானி அவளுடைய உழைப்பை மெச்சி ஒரு கம்பளிப் போர்வை அனுப்பினார். நம் ஊர் வெயிலில் அதை என்ன செய்வதென்று தெரியாமல் ஸகியா அதை ஆட்டுக்குட்டிக்கு விரித்துவிட்டாள்.

ஸகியாவைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை மௌத்தானால் நம் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பார்கள். வெள்ளை உடுத்து, திரை கட்டி, வீட்டுக்குள்ளேயே இருப்பு. அந்நிய ஆண் முகம் பார்ப்பதில்லை, கலியாண வீடு இல்லை, கிணற்றடிக் கதை இல்லை. அதன் கண்ணியம் எனக்கும் தெரியும். ஆனால் ஸகியா தன் இத்தாவில் இருந்து இழைத்த பாயைச் சுருட்டிப் பார்த்த அன்று, நம்ப முடியாமல் விரித்து மறுபடியும் சுருட்டினேன். ஒடியவும் இல்லை, பிதுங்கவும் இல்லை. அவளுடைய சாதாரணக் கைக்கே நாலு மாதம் அசையாமல் இருந்ததில் இப்படி ஒரு பாய் வந்திருக்கிறது என்றால், உண்மையான கைக்காரி ஒருத்தி இத்தா இருந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்தேன். அந்த யோசனையில் ஒரு பாவமும் இல்லை.

அதற்குப் பிறகு எந்த மௌத்து வீட்டுக்கும் முதல் ஆளாகப் போனவன் நான்தான். உசனாருக்கு இளகிய மனசு என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் அந்த இரண்டு வருஷமும் அல்லாஹ் நம் ஊர் ஆண்களுக்கு நல்ல சுகத்தைக் கொடுத்திருந்தான். குறையாகச் சொல்லவில்லை.

அப்போதுதான் கண்காட்சி வந்தது. கொழும்பில் பெரிய கைப்பணிக் கண்காட்சி. அதில் நடுவில் தொங்கவிட, ஒரே கைம்பெண் தன் கையால் இழைத்த, ஒரு அறையை நிறைக்கிற அளவில் ஒரு பாய் வேண்டும் என்று துரைசானி கேட்டார். பாதி வேலையில் தானே வந்து பார்ப்பாராம். பாய் எடுபட்டால் சீமையில் ஒரு கடை நம் பாயை எப்போதும் வாங்கும். எடுபடாவிட்டால் சங்கம் நம்மை விட்டுவிட்டு வெலிகாமப் பக்கம் லேஸ் பின்னுகிறவர்களிடம் போய்விடும். நாற்பது வீட்டுச் சோறு அந்த ஒரு பாயில் தொங்கியது. ஸகியாவுக்கு அதற்குள் கண் மங்கிவிட்டது. மற்ற இரண்டு பேருக்கும் கை நடுக்கம். துரைசானி, "ஆள் இருக்கிறதா?" என்று கேட்டார். "இருக்கிறது, ஸாலிஹா என்று ஒருத்தி" என்றேன். "கைம்பெண்தானே?" என்றார். "ஓம்" என்றேன். அப்போது அது உண்மையில்லை. ஒரு கிழமைக்குள் சரிசெய்துவிட்டேன்.

ஸாலிஹாவை அறியாதவர் நம் ஊரில் இல்லை. ஹஸீனாவின் தங்கச்சி. அவளைப் போல் பன்னை நார் நாராகக் கிழிக்க யாராலும் முடியாது. ஆனால் அவளை வீட்டில் பிடித்து இருத்தவும் யாராலும் முடியாது. கலியாண வீடு எங்கே, கத்தம் ஓதிச் சோறு போடுகிற வீடு எங்கே, பிள்ளைப்பேறு எங்கே, அங்கே ஸாலிஹா. ஒரு பாயை ஆறு மாதம் இழைப்பாள். நாலு வரி இழைத்ததும் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்கும், எழும்பிப் போய்விடுவாள். அவளுடைய மாப்பிள்ளை முகைதீன்பாவா மின்னேரியாவில் வாய்க்கால் வெட்டப் போயிருந்தார். அது காய்ச்சல் வருஷம். அந்தப் பக்கம் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அவரிடமிருந்தும் மூன்று மாதமாகச் சேதி இல்லை.

நான் பாய் விற்கப் பொலநறுவைக்குப் போய்வருகிறவன். அன்று வந்த கையோடு நேரே அவர்கள் வேலியடிக்குப் போனேன். ஹஸீனா முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டு நின்றாள்.

"புள்ள, மனசத் தேத்திக்க. காய்ச்சல் முகைதீன்பாவாவக் கொண்டு போயிட்டு. அங்கயே அடக்கிட்டாங்க" என்றேன்.

இதைத்தான் நீங்கள் பொய் என்கிறீர்கள். பொய்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வருஷத்தில் அந்தச் சேதி எப்படியும் வந்திருக்கக்கூடியது. நான் கொஞ்சம் முந்திக் கொண்டுவந்தேன். அவர் சாகாமல் விட்டது என் கையில் இல்லாத காரியம்.

வீட்டுக்குள்ளிருந்து ஸாலிஹா போட்ட சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. இதையும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் கல்நெஞ்சுக்காரன் என்பீர்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவேயில்லை. வழக்கத்தில் பாதிதான் சாப்பிட்டேன். பள்ளியில், உடல் இல்லாமலே, தூரத்து ஜனாஸாத் தொழுகை நடந்தபோது முன் வரிசையில் நின்றேன். நாற்பதாம் கத்தத்துக்கு ஒரு மூடை அரிசியும் ஒரு கிடாயும் தந்தது யார் என்று உங்களுக்கு மறந்திருக்காது. மரைக்காயர்மார் ஏழு பேரும் வந்து சாப்பிட்டீர்கள். கறி நன்றாக இருந்ததென்று இரண்டு பேர் சொன்னீர்கள்.

முதல் மூன்று நாள் அவள் பன்னைத் தொடவில்லை. எனக்குக் கவலையாகிவிட்டது. என் பெண்சாதி றம்லாவும் அவளும் சின்ன வயசிலிருந்து கூட்டு. "கை சும்மா இருந்தா மனசு கெட்டுப்போகும் புள்ள. பன்னக் கொண்டுபோய் அவட கையில குடு" என்று றம்லாவை அனுப்பினேன். நல்ல சிவப்புச் சாயம் ஏற்றிய பன், நானே பார்த்துப் பொறுக்கியது. றம்லா ஒவ்வொரு நாளும் போனாள். தலை வாரிவிட்டாள், சோறு ஊட்டிவிட்டாள், கூட இருந்து அழுதாள். "எண்ட மனிசன் தங்கமான மனிசன், ஒனக்காக எவ்வளவு கவலப்படுறாரு தெரியுமா" என்று அவளுக்குச் சொல்லியும் இருக்கிறாள். வீட்டுக்கு வந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: எத்தனை சாண் ஆகியிருக்கிறது? பாவம், அதையும் றம்லா இரக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் மாதம் துரைசானி வந்தார். நான் வேலிக்கு வெளியே நின்றேன். இத்தா வீட்டுக்குள் நான் போகலாமா? நடந்ததை றம்லா சொன்னாள். துரைசானி திரைக்குள் போய், வெள்ளைச் சேலையில் குனிந்திருந்த ஸாலிஹாவையும், தரையெல்லாம் விரிந்து கிடந்த பாயையும் பார்த்தார். பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கி, மூக்கைச் சிந்தி, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு விம்மத் தொடங்கிவிட்டார். ஸாலிஹா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு றம்லாவிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறாள்:

"பாவம்கா. இந்த நோனாட மாப்புளயும் மௌத்தா?"

துரைசானிக்கு ஓர் ஆசை. மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறதாமே, அந்த மீனைப் பாயில் காட்ட வேண்டும். ஸாலிஹா ஒத்துக்கொள்ளவில்லை. "உசிருள்ளதுக்கு உருவம் இழைக்கப்படாது. அல போட்டுத் தாறன். மீன் அதுக்குக் கீழ இரிக்கிது எண்டு நோனாவுக்குச் சொல்லுங்க" என்றாளாம். அதைக் கேட்டுத் துரைசானி இன்னும் அழுதார். போகும்போது என்னிடம், இப்படி ஒரு துக்கத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அந்தப் பாயின் அலையைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் சிவப்பு, அந்தப் பக்கம் நடந்து பார்த்தால் கறுப்பு. சிரிப்புச் சத்தம் கேட்டு எழும்பிப் போகிற ஸாலிஹாவால் அதை இழைத்திருக்கவே முடியாது. அவளுக்குள் இப்படி ஒரு பாய் இருந்ததை அவளே அறியவில்லை, நான் அறிந்தேன். இதற்கு யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

இத்தா முடிய இருபத்திரண்டு நாள் இருக்கும்போது நான் ஓட்டமாவடியில் மஜீட்டின் தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்தேன். வாங்குப் பலகையில் முகைதீன்பாவா இருந்து பணிஸ் தின்றுகொண்டிருந்தார். மெலிந்து, காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தாலும் ஆள் உயிரோடுதான் இருந்தார். பக்கத்தில் ஒரு பொட்டலம். பெண்சாதிக்குக் கண்ணாடி வளையல் வாங்கியிருப்பதாகச் சொன்னார். அவரைக் கண்டதில் எனக்கு உள்ளபடியே சந்தோஷம். ஓடிப்போய்க் கட்டிப் பிடித்தேன். கட்டிப் பிடித்திருக்கும்போதுதான் பாய் நினைவுக்கு வந்தது. இன்னும் மூன்று சாண் பாக்கி.

ஊரில் அம்மை, கொஞ்ச நாள் பொறுத்து வா என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சரிவராது. பெண்சாதி இருக்கிற ஊரில் அம்மை என்றால் எந்த மாப்பிள்ளை நிற்பான்? ஓடித்தான் வருவான். வராமல் நிற்பதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: வீடு பெண்ணுடையது, மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருக்கிறவர். பெண் போய், பிள்ளையும் இல்லையென்றால், அந்த வீட்டில் அவருக்குச் சாரம் காயப்போட ஒரு கொடிக்கயிறுகூடச் சொந்தமில்லை. அவசரமாகப் போவதற்கு அவருக்கு இடமே இல்லாமல் போகும்.

ஆகவே அவரைத் திரும்ப இருத்தி, "தம்பி, ஸாலிஹா மௌத்தாயிட்டா. ஒனக்குச் சொல்லி அனுப்ப வழி தெரியல்ல" என்றேன்.

கையில் இருந்த பணிஸை மெதுவாகத் தட்டில் வைத்தார். பக்கத்துப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்து, "வளையல் பெரிசா சின்னனா எண்டு கடக்காரன் கேட்டான். நான் சின்னன் எண்டன்" என்றார். தேத்தண்ணியில் ஈ விழுந்து கிடந்தது. மஜீட் வேறு ஊற்றிக் கொடுத்தும் அவர் குடிக்கவில்லை.

என்னை அரக்கன் என்று உங்களில் ஒருவர் சபையில் சொன்னார். அரக்கன் அப்படியே விட்டுவிட்டுப் போயிருப்பான். நான் மஜீட்டிடம் பேசி அவருக்கு அங்கேயே வேலை எடுத்துக் கொடுத்தேன், படுக்க இடம் கொடுத்தேன், பாய்கூட நான் விற்கக் கொண்டுபோன கட்டிலிருந்து ஒன்று உருவிக் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு வீடு வேண்டுமே என்று மஜீட்டின் தங்கச்சியைக் கலியாணமும் பேசினேன். ஆண்களுக்கு இத்தா இல்லை. அது நான் உண்டாக்கிய சட்டமல்ல. முதலில் மாட்டேன் என்றார். பத்து நாள் நானும் மஜீட்டும் மாறிமாறிச் சொன்னதில், ஏதோ தூக்கத்தில் தலையாட்டுகிறவர் போல, "சரி, செய்யிறதச் செய்யுங்க" என்றார். வெள்ளிக்கிழமை நிக்காஹ் என்று நாள் குறித்தோம். பாய் முடிய அதிலிருந்து நாலு நாள். எல்லாம் ஒழுங்காகப் பொருந்தி வந்தது. யாருக்கும் ஒரு குறையும் வராமல், ஸாலிஹாவுக்கும் இத்தா முடிந்த கையோடு ஒரு நல்ல இடம் பார்த்துச் செய்யலாம் என்றும் மனசில் வைத்திருந்தேன்.

ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. நிக்காஹ்வுக்கு முதல் நாள் முகைதீன்பாவா, ஸாலிஹாவின் கபுறடியில் நின்று ஒரு யாஸீன் ஓதிவிட்டு வருகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் வெளிக்கிட்டுவிட்டார். இப்படிப்பட்ட பக்தி அவருக்கு முன்பு இருந்ததில்லை.

நேரே மையவாடிக்குப் போயிருக்கிறார். குழி வெட்டுகிற அசனார் அங்கே பற்றை வெட்டிக்கொண்டு நின்றான். இறந்துபோனதாக ஊரே தொழுது, கத்தமும் சாப்பிட்டு முடித்த ஆள் வளையல் பொட்டலத்தோடு வருவதைக் கண்டதும் அவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்தானாம். நல்ல பட்டப்பகல். நிழல் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டுதான் வெளியே வந்திருக்கிறான். மிச்சத்தை அசனாரே உங்களுக்குச் சொல்லியிருப்பான், ஆனாலும் எழுதுகிறேன்.

"ஸாலிஹாட கபுறு எது, காக்கா?"

"ஸாலிஹாவா? அவ ஊட்டுல இத்தாவில அல்லவா இரிக்கா."

"இத்தாவா? ஆருக்கு?"

"ஒனக்குத்தான்டா" என்றானாம் அசனார்.

முகைதீன்பாவா ஓடினார். அசனார் பின்னால் ஓடினான். ஸாலிஹாவின் வீட்டு வேலியடியில் போய் நின்றுகொண்டு அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். உள்ளே அவளும் றம்லாவும் இருந்தார்கள்.

"ஆரு அது? நான் இத்தாவில இரிக்கன். ஆம்புள வேலியடியில நிக்கப்படாது" என்றாள் ஸாலிஹா.

"நான்தான் புள்ள. ஒண்ட மாப்புள."

"எண்ட மாப்புள மௌத்து. பகடி பண்ணாமப் போங்க. எண்ட ராத்தா ஹஸீனாவக் கூப்பிடுவன்."

"மீன் ஆணத்துக்கு ரெண்டு தரம் உப்புப் போட்டுப்போட்டு, தேங்காய்ப் பாலுல பிழ எண்டு சொல்லுவாயே. அந்த ஆணத்தத் திண்ட மாப்புளடி நான்."

உள்ளே பன் கிழிக்கிற சத்தம் நின்றதாம். பிறகு, "அது ஒருக்காத்தான் நடந்தது" என்று ஒரு குரல் வந்ததாம். அடுத்தது ஊர் முழுக்கக் கேட்ட அலறல். அவள் திரையைக் கிழித்துக்கொண்டு, வேலியையும் பிய்த்துக்கொண்டு, வெள்ளைச் சேலையோடு வந்து அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவருடைய மூக்கை, காதை, பல்லை எல்லாம் தடவிப் பார்த்தாளாம். அசனார் அழுதான், ஹஸீனா அழுதாள், அந்த வழியால் மாடு சாய்த்துக்கொண்டு போன சாமித்தம்பி யாரென்று தெரியாமலே அழுதாராம்.

அவள் எழும்பின வேகத்தில் சாயச் சட்டி கவிழ்ந்து பாய் நடுவில் கொட்டிவிட்டது. நாலு மாத வேலை, ஒரு சாண் மாத்திரம் பாக்கி. ஹஸீனா வந்து அதைச் சொன்னபோதுதான் எனக்கும் கண்ணீர் வந்தது. நான் அழவில்லை என்று அவள் சபையில் சொன்னது சரியில்லை.

இதுதான் நடந்தது. முகைதீன்பாவா மௌத்தானதாகச் சொன்னவன் நான். ஸாலிஹா மௌத்தானதாகச் சொன்னவனும் நான். இரண்டு பொய், இரண்டு பேருக்கும் ஒவ்வொன்று. நாற்பது வீட்டோடு வைத்துப் பார்த்தால் அது அதிகமா என்று நீங்களே சொல்லுங்கள். அவர்கள் இரண்டு பேரும் இப்போது சேர்ந்துதான் இருக்கிறார்கள். அவர் தூங்கினால் ஸாலிஹா பக்கத்தில் இருந்து மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறாளாம். கிணற்றடிக்குக்கூட அவரைத் தனியே விடுவதில்லையாம். கலியாண வீடுகளுக்குப் போவதை அடியோடு விட்டுவிட்டாள். யாராவது வேலியடியில் வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போடுகிறாளாம். இவ்வளவு நாளாக வீட்டில் இருக்காதவள் இப்போது வாசல் தாண்டுவதில்லை, ஆனால் பன்னைத் தொட மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறாள். இந்த முழு விஷயத்திலும் எனக்கு ஆறாத கவலை அது ஒன்றுதான்.

றம்லாவைப் பற்றியும் எழுதச் சொன்னீர்கள். அன்று விஷயம் வெளியே வந்ததும் நான் வீட்டுக்குப் போனேன். வீடு றம்லாவின் சீதன வீடு. கதவு சாத்தியிருந்தது, ஜன்னலுக்கு வெள்ளைச் சீலை கட்டியிருந்தது.

"றம்லா, கதவத் திற" என்றேன்.

"ஆரு?"

"நான்தான் உசனார்."

"இந்த ஊட்டு ஆம்புள மௌத்தாயிட்டாரு. நான் இத்தாவில இரிக்கன். வாசல்ல நிக்காமப் போங்க."

குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே ஒரு மௌத்துச் சேதி சொல்வது போல் சொன்னாள். இருபது வருஷம் என்னோடு ஒரே சோற்றுக் கோப்பையில் சாப்பிட்டவள். நெஞ்சுக்குள் என்னவோ குத்தியது, பொய் சொல்லவில்லை. பொத்தென்று வாசற்படியில் இருந்துவிட்டேன். உயிரோடு இருக்கிற ஒருவனுக்கு அப்படி ஒரு சொல் எப்படிச் சுடும் என்று நினைத்தேன். முகைதீன்பாவாவும் ஸாலிஹாவும் அப்போது எனக்கு நினைவில் வரவில்லை; அது வேறு விஷயம்.

பிறகுதான் உள்ளே அந்தச் சத்தம் கேட்டது. பன்னைக் கிழிக்கிற சத்தம், இழுத்து இறுக்குகிற சத்தம். இருபத்திரண்டு வருஷக் காது இது. எனக்கு ஆள் சொல்லத் தேவையில்லை. நிதானமான கை. சீலை விலகின இடத்தால் எட்டிப் பார்த்தேன். ஒரு பெரிய பாய் தொடங்கியிருந்தாள், ஸாலிஹா போட்ட அதே அலை, அதைவிட நெருக்கம். றம்லாவின் கை இவ்வளவு நல்ல கை என்று எனக்கு இதுவரை தெரியாது. சோறும் ஆணமும் ஆக்கிக்கொண்டிருந்தால் எப்படித் தெரியும்? யாருக்குப் பாய் என்று ஹஸீனாவைக் கேட்டேன். ஸாலிஹாவும் மாப்பிள்ளையும் படுக்கவாம். தன் வீட்டு ஆளால் வந்த பாவத்துக்குத் தன் கையால் செய்கிறாளாம். அந்தப் பாயில் யாராவது படுப்பார்களா? வீண்.

இப்போது நான் தோணிக் கொட்டிலில் இருந்து இதை எழுதுகிறேன். காய்ச்சலால் கண்காட்சியை இரண்டு மாதம் தள்ளிவைத்திருப்பதாகத் துரைசானியின் கடிதம் வந்திருக்கிறது. கைம்பெண்ணின் பாய் குறித்த நாளில் வந்து சேரும் என்று பதில் போட்டுவிட்டேன். அதை எப்படி எடுப்பது என்பது என் வேலை. அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

மரைக்காயர்மாரே, உங்கள் தீர்ப்பு எதுவானாலும் எனக்குச் சம்மதம். குடியை விட்டு நீக்கினாலும் சரி, ஊரை விட்டே போகச் சொன்னாலும் சரி, வெல்லாவெளிப் பக்கம் போய் எங்காவது இருந்துகொள்கிறேன். ஒன்றை மாத்திரம் கெஞ்சிக் கேட்கிறேன். உங்களில் இரக்கமுள்ள யாராவது றம்லாவிடம் போய், உன் மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறான், மன்னித்துக் கதவைத் திற என்று சமாதானம் பேச வெளிக்கிட வேண்டாம். பாய் இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது.